மாத்திரையை நீட்டாதீர்கள், செலவைக் குறையுங்கள்

(தொலைக்காட்சி கருத்து மேடையில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பெரியவர்கள் விலை கூடிய மருந்தை நிறுத்துவதில்லை. நீட்டுகிறார்கள். இந்தச் சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்களே சொல்வதுதான். "இந்த மாத மருந்தை அடுத்த மாதம் வரைக்கும் நீட்டிக்கிட்டேன்" என்பார்கள், மீதமான சாம்பாரைச் சொல்வது போல. காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை இரவு மட்டும் போட்டுக்கொள்வது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது, தலை சுற்றினால் மட்டும் எடுத்துக்கொள்வது, இதெல்லாம் நீட்டுவதுதான். பிள்ளைகளுக்குச் சுமை வைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள். இன்று நான் பேசப்போகும் மருந்தில் அந்த நல்ல எண்ணம் ஆளையே சாய்த்துவிடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பற்றித்தான் பேசுகிறேன். நான் மருத்துவர் அல்ல, ஒலிவாங்கி பிடிக்கப் படித்தவள். மருந்தளவைப் பற்றி என் பேச்சைக் கேட்டு எதையும் மாற்றாதீர்கள். ஆனால் எந்தக் கவுண்டரில் என்ன கேட்க வேண்டும், எங்கே செலவு குறையும் என்பதை ஒரு அறிவிப்பாளர் விசாரித்துச் சொல்லலாம் அல்லவா? அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நோயைச் சுருக்கமாகப் பார்ப்போம். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், தாளம் தவறி நடுங்கிக்கொண்டிருப்பதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். சிலருக்குப் படபடப்பு வரும், சிலருக்கு மூச்சு வாங்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மேலறை நடுங்கும்போது இரத்தம் தேங்கும். இடப்பக்க மேலறையில் பை மாதிரி ஒரு சிறு மூலை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் கட்டி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இப்படி வரும் பக்கவாதம் மற்ற பக்கவாதங்களைவிடக் கடுமையாகவும் இருக்கும்.

இரத்த அழுத்த மருந்தையும் கொழுப்பு மருந்தையும் போல இதையும் நினைத்துக்கொண்டு நீட்டுவதுதான் ஆபத்து. புதிய வகை மருந்துகளான டாபிகாட்ரான், ரிவாரோக்சாபான், அபிக்சாபான் ஆகியவற்றின் வேலை ஏறக்குறைய ஒரு நாளில் அடங்கிவிடும். ஒரு வேளை தப்பினால் அந்த வேளைக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறவர் மாதத்தில் பதினைந்து நாள் மருந்தே சாப்பிடாதவர் மாதிரிதான். அதாவது 240 வெள்ளியை 120 வெள்ளியாகக் குறைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த 120 வெள்ளியையும் வீணாக்குகிறோம்.

அந்த 240 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கணக்குக்காக ஒரு மாத்திரை 8 வெள்ளி, ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அசல் நிறுவனத்தின் புதிய மருந்தைத் தனியார் மருத்துவமனையில் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளக்காரருக்கு இந்த ஒரு மருந்தே ஏழில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நீரிழிவு மாத்திரை, அழுத்த மாத்திரை, கிள்ளானிலிருந்து வந்து போகும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

நம்மவர் பலர் இந்தச் செலவுக்குள் எப்படி வந்து மாட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் நெஞ்சு படபடத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்கிறார். மெடிக்கல் கார்டு இருக்கிறது, காப்புறுதி நிறுவனம் கட்டிவிடுகிறது. நல்லபடியாக வீட்டுக்கு வருகிறார். கையில் ஒரு மாத மருந்து. அடுத்த மாதம் மருந்து வாங்கப் போகும்போதுதான் தெரிகிறது, படுக்கையில் இருந்தவரைக்கும்தான் கார்டு, வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரைக்கு அது பெரும்பாலும் கை கொடுக்காது என்று. சங்கடப்பட்டு மருத்துவரிடம் சொல்வதில்லை. அங்கேதான் நீட்டுதல் தொடங்குகிறது.

அந்த மருத்துவரிடமே வாய் திறந்து கேளுங்கள்: "டாக்டர், இதைத் தொடர்ந்து வாங்க என்னால் முடியாது. அரசு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் தாருங்கள்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மருத்துவரும் இதைக் கேட்டு முகம் சுளிக்கப் போவதில்லை. சுளித்தால் அது அவர் பிரச்சினை. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. ஷா ஆலாமில் இருக்கிறது, செர்டாங்கில் இருதயப் பிரிவே இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும் பல்கலைக்கழக மருத்துவமனையும் தூரமில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி. மருந்து அதற்குள் அடக்கம். தனியார் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்கலாம், பிறகு வழக்கமான கட்டணம்தான். தேதி கிடைக்க நாளாகும் என்பது உண்மை. அந்த இடைவெளியில் மருந்தை விட்டுவிடாதீர்கள். தேதி வரும்வரைக்கும் மட்டும் வாங்கிச் சமாளிக்க முடியுமா, இல்லை பழைய மலிவு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய மலிவு மருந்துதான் வார்ஃபரின். "எலி மருந்தா அது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆமாம், எலி மருந்துதான், மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. 1933-இல் ஒரு விவசாயி உறையாத இரத்தத்தை வாளியில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் பல வருடம் உழைத்துக் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிகளைக் கொல்ல விற்பனைக்கு வந்தது, 1954-இல் மனிதருக்கு மருந்தானது. 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். அளவுதான் விஷத்தையும் மருந்தையும் பிரிக்கிறது. உப்புக்கும் அந்தக் கதைதான்.

வார்ஃபரின் ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்த நோயில் பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஒழுங்காக என்றால் ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனையில் எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் கட்டி உறையும், மூன்றுக்கு மேலே போகப் போக இரத்தம் கசியும். அதனால் அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கிறது. மருந்து மலிவு, ஆனால் வேலையை விட்டு வரும் அரை நாள் சம்பளமும் ரயில் காசும் மலிவல்ல. இந்தச் செலவை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. லோரி ஓட்டும் ஒருவருக்கு அரை நாள் என்பது அரை நாள் அல்ல, ஒரு நடை.

ஆனாலும் இதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பல அரசு மருத்துவமனைகளில் மருந்தாளர்களே நடத்தும் வார்ஃபரின் கிளினிக் இருக்கிறது. எண்ணைப் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்து, அளவைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். குடும்ப மருத்துவ நிபுணர் உள்ள சில சுகாதாரக் கிளினிக்குகளிலும் ஐ.என்.ஆர். பார்க்கிறார்கள். "என் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால்தான் சொல்வார்கள், கேட்காமல் யாரும் சொல்லப்போவதில்லை. தொடர் மருந்தை அதே பெரிய மருத்துவமனையில்தான் வரிசை நின்று வாங்க வேண்டும் என்பதும் இல்லை. எஸ்.பி.யூ.பி. என்ற ஏற்பாட்டில் பதிந்துகொண்டால் வீட்டருகே உள்ள அரசு கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம். தபாலில் அனுப்பும் சேவையும், காரை விட்டு இறங்காமலே வாங்கும் கவுண்டரும் பல இடங்களில் உண்டு. மருந்துக் கவுண்டரில் ஒரு வாக்கியம் கேட்டால் ஒரு நாள் மிச்சம்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையே தொடக்கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. அது தவறு. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது சரிதான். ஆனால் மருத்துவர்கள் கேட்பது, முருங்கைக்கீரையோ கங்கோங்கோ பயாமோ, வாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்பதைத்தான். அதற்குத் தக்கபடி மருந்தளவு வைப்பார்கள். நம் வீடுகளில் சிக்கல் புரட்டாசியில் வருகிறது. பதினொரு மாதம் கோழியும் மீனும் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று ஒரு மாதம் கீரையும் காயுமாக இறங்குகிறோம். எண் கீழே இறங்கிவிடலாம். விரதத்தை விட வேண்டாம். விரதம் தொடங்குகிறது என்று வார்ஃபரின் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள், சோதனையை அதற்கேற்ப வைப்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் புரட்டாசி தெரியும். நோன்பு மாதத்தில் மலாய்க்கார நோயாளிகளும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

கீரையைவிட எனக்குப் பயம் பொன்ஸ்தான்தான். முட்டி வலி, பல் வலி, மாதவிலக்கு வலி எல்லாவற்றுக்கும் நம் வீட்டு அலமாரியில் ஒரு பொன்ஸ்தான் அட்டை இருக்கும். இல்லாவிட்டால் வோல்டரன் இருக்கும். இரத்தம் உறையாத மருந்தோடு இவற்றைப் போட்டால் குடலில் இரத்தம் கசியும் அபாயம் ஏறுகிறது. கறுப்பாக மலம் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாஜூன், ஜின்கோ, பாட்டிலில் வரும் மஞ்சள் மாத்திரை, நேரடி விற்பனைக்காரர் "இரத்தத்தைச் சுத்தப்படுத்தும்" என்று கொடுக்கும் பொடி, இதையெல்லாம் மருந்தாளரிடம் மறைக்காதீர்கள். மாதம் 150 வெள்ளிக்குப் பொடி வாங்குகிறவர் மருந்துக்குக் காசில்லை என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மன்னியுங்கள்.

அப்படியானால் புதிய மருந்து தேவையில்லையா? அப்படிச் சொல்ல வரவில்லை. ஐ.என்.ஆர். தேவையில்லை, கீரைக் கணக்கில்லை, மூளைக்குள் இரத்தம் கசிவது வார்ஃபரினைவிடப் பாதி அளவுக்குக் குறைகிறது. பலருக்கு அதுவே நல்ல தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு, ஆனால் நிபுணர் எழுதித் தர வேண்டும், ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது. வார்ஃபரினில் எண் நிலைக்காமல் ஏறி இறங்குகிறது என்றால், ஐ.என்.ஆர். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிபுணரிடம் கேளுங்கள். அந்தப் புத்தகம்தான் உங்கள் சாட்சி. தேதி தவறாமல் போய் வந்தவரின் புத்தகம் பேசும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாருக்கும் விலை கூடியதுதான் நல்லது என்பதில்லை. சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமுமாக வந்த ருமேட்டிக் காய்ச்சலில் இருதய வால்வு சுருங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறையில் அப்படிப்பட்ட அக்காமார்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களை வைத்து நடந்த இன்விக்டஸ் என்ற ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் ரிவாரோக்சாபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள், உயிரிழப்பும் அவர்களிடம் குறைவு. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின்தான். டாபிகாட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2013-க்குள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பிள்ளை வெளிநாட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறான், அம்மாவுக்கு உயர்ந்த மருந்தே வாங்குவோம் என்று தானாக மாற்றிவிடக் கூடாது. அம்மாவின் வால்வு என்ன நிலை என்பதை முதலில் கேளுங்கள்.

ஆஸ்பிரினைப் பற்றி ஒரு வார்த்தை. சில காசுக்குக் கிடைக்கிறது, அதுவும் இரத்தத்தை "இளக்கும்" என்று மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். துடிப்புக் கோளாறில் உறையும் கட்டிக்கு ஆஸ்பிரின் போதாது. 2011-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அபிக்சாபான் எடுத்தவர்களுக்கு ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் மிகக் குறைவு, பெரிய இரத்தக் கசிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, ஆஸ்பிரினில் காசும் மிச்சமில்லை, பாதுகாப்பும் இல்லை.

மருந்தே தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். துடிப்புக் கோளாறு இருக்கிறது என்பதால் மட்டும் எல்லாருக்கும் இந்த மருந்து இல்லை. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதயம் பலவீனமா, முன்பு பக்கவாதம் வந்ததா, இரத்தக்குழாய் அடைப்பு உண்டா என்று புள்ளி போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். நாற்பது வயதில், வேறு நோய் ஒன்றுமில்லாத ஒருவருக்கு அது தேவைப்படாமல் போகலாம். "எனக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம், நமக்கு அந்தப் புள்ளி சீக்கிரம் ஏறும்.

தனியாரில்தான் வாங்க வேண்டிய கட்டாயம் என்றால்? 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவர்கள் இதை எதிர்த்து அதே மே மாதம் புத்ராஜெயாவில் கூடினார்கள். ஆலோசனைக் கட்டணத்தை வருடக்கணக்கில் உயர்த்தாமல் வைத்துவிட்டு மருந்து விலையை மட்டும் காட்டச் சொல்வது சரியா என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நோயாளிக்கு விலை தெரிவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெட்டிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கடையில் 28 மாத்திரைப் பெட்டி, இன்னொரு கடையில் 30. மருத்துவரே மருந்தும் விற்கும் நாடு நம் நாடு. ஆனால் மருந்துச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே மருந்தகத்தில் வாங்கலாம். துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடை, ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கடை என்று கேட்டுப் பாருங்கள். ஜெனரிக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய மருந்தை வீணாக்காமல் இருப்பதும் சிக்கனம்தான். ரிவாரோக்சாபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் முழு விலை கொடுத்தும் முழு மருந்து உடம்பில் சேராது. டாபிகாட்ரான் குளிகையை ஏழு நாள் டப்பாவில் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள், ஈரக்காற்றில் கெட்டுவிடும். பிரித்துத் தண்ணீரில் கலக்கவும் கூடாது, அளவுக்கு மேல் உடம்பில் ஏறும்.

அரசு மருத்துவமனையும் கொடுக்க முடியாத மருந்து, கையிலும் காசில்லை என்ற நிலையில் மருத்துவமனையின் சமூக நலப் பணியாளரைப் பாருங்கள். பெகெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு, தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்பார்கள், அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு நகல், மருத்துவரின் கடிதம் எல்லாம் வேண்டும். இன்னொன்று, சேமநிதியில் 2024 மே மாதம் புதிதாக வந்த ஃப்ளெக்சிபள் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எடுக்கலாம் என்பதால் சிலர் மாதாமாதம் மருந்துக்கு அதைத் தொடுகிறார்கள். இரண்டொரு மாத இடைவெளியை நிரப்ப அது உதவும். வாழ்நாள் மருந்துக்கு அது வழியல்ல, முதுமைக்கு வைத்த பணம். பெற்றோருக்காகச் செலவு செய்யும் பிள்ளைகள் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், மருத்துவர் சான்றளித்த செலவுக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இடைவேளையில் இருவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

தைப்பூசத்துக்கு அலகு குத்துவதாக நேர்ந்துகொண்டேன், மருந்தை மூன்று நாள் நிறுத்தலாமா என்றார் ஒருவர். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தாமல் குத்தவும் குத்தாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள். பால்குடம் எடுத்தாலும் பத்துமலை முருகன் ஏற்றுக்கொள்வான் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து வாங்கி வரலாமா என்றார் இன்னொருவர். இந்தியாவில் ரிவாரோக்சாபானின் காப்புரிமை 2020 டிசம்பரிலும், அபிக்சாபானுடையது 2022 செப்டம்பரிலும் முடிந்தன. பல நிறுவனங்கள் தயாரிப்பதால் அங்கே விலை இறங்கியது உண்மை. ஆனால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தால் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டிவரும், அடுத்த பயணம் தள்ளிப்போனால் மருந்தும் தள்ளிப்போகும். வார்ஃபரின் என்றால் இன்னும் கவனம்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாத்திரையின் நிறம் மாறும். இங்கே சிவப்பு, அங்கே வேறு நிறம். நிறத்தைப் பார்த்து விழுங்காமல், எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் படித்துவிட்டு விழுங்குங்கள். மாற்றிய ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.